45ஆம் நாள் ராத்திரி

புதன்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு டீ குடிக்க வருகிறவர்கள் யாரும் டீக்காக வருவதில்லை. புதன், தடுப்பூசி நாள். காலையில் ஊசி போட்டுக்கொண்டு சிரித்தபடி போன குழந்தைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் உடம்பு சுட ஆரம்பிக்கும். அப்போது எங்கள் தெருவில், திருக்கழுக்குன்றத்தில், "நர்ஸம்மா வீட்ல இருக்காங்களா?" என்று ஒரு குரல் கேட்கும். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பையில் இப்போது ஊசி இல்லை, மருந்து இல்லை. ஒரு தெர்மாமீட்டர் மட்டும் இருக்கிறது. மிச்சமெல்லாம் பேச்சுதான். பேச்சு நின்று நிதானமாக நடக்கட்டும் என்றுதான் அடுப்பில் பால் வைப்பேன்.

போன சித்திரையில் வந்தவர்கள் மூன்று பேர், குழந்தையோடு நாலு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் கட்டிக்கொடுத்த பெண். தலைப்பிரசவத்துக்கு எங்கள் தெருவில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஊசி போடும் நாளென்று அவள் வீட்டுக்காரரும் குப்பத்திலிருந்து வந்திருந்தார். குழந்தை ஆயாவின் தோளில். குழந்தை என்று ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு டர்க்கி டவல், அதற்குள் ஒரு பழைய காட்டன் புடவை, தலையில் கம்பளிக் குல்லா, காலில் சாக்ஸ். வெளியே செங்கல்பட்டு வெயில் அடங்கியும் சுவர் இன்னும் அனலடித்துக்கொண்டிருந்தது. மூட்டையிலிருந்து சாம்பிராணி வாசம் வந்தது.

"45 நாள் ஊசிக்கா. சாயங்காலத்திலேருந்து கொதிக்குது" என்றாள் ஆயா.

"முதல்ல பிரி" என்றேன்.

காய்ச்சல் என்று வந்தால் நம் வீடுகளில் முதலில் செய்வது போர்த்துவது. குளிர்ந்து போய்விடக் கூடாதே என்ற பயம். ஆனால் ஒன்றரை மாதக் குழந்தைக்குப் பெரியவர்களைப் போல வியர்த்துச் சூட்டை இறக்கத் தெரியாது. நாம் சுற்றுகிற துணி உள்ளே இருக்கும் சூட்டைப் பூட்டி வைக்கும். அதனால் எந்தக் குழந்தை வந்தாலும் முதலில் குல்லாவைக் கழற்றுவேன். ஒற்றைத் துணி, மின்விசிறி மெதுவாக, காற்று நேராக முகத்தில் அடிக்காமல். பிறகு ஒரு இருபது நிமிடம் கழித்துத்தான் தெர்மாமீட்டர். அவசரப்பட்டு வைத்தால் அது குழந்தையின் காய்ச்சலோடு டவலின் சூட்டையும் சேர்த்துச் சொல்லும்.

அந்த இருபது நிமிடத்தில்தான் டீ கொதித்தது. அப்பாக்காரத் தம்பி கேட்டார்: "நல்லா இருந்த புள்ளைக்கு ஊசி போட்டு ஏன் காய்ச்சல வரவைக்கணும்?"

கேள்வியில் கோபம் இருந்தது. நியாயமான கோபம்தான். முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு, "அதெல்லாம் வரும், சரியாப் போயிடும்" என்று சொல்லியே கடந்து போயிருக்கிறேன். வரிசையில் நாற்பது குழந்தைகள் காத்திருக்கும். ஓய்வு பெற்ற பிறகுதான் முழுப் பதில் சொல்ல நேரம் கிடைத்தது.

அன்று காலை அந்தக் குழந்தைக்குக் கொடுத்தவை இவை: வாயில் போலியோ சொட்டும் ரோட்டா சொட்டும், கையில் தோலுக்குள் சின்னதாக ஒரு போலியோ ஊசி, தொடையில் நிமோனியாவுக்கான ஊசி ஒன்று, இன்னொரு தொடையில் பென்டா. காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் இந்தப் பென்டாதான். ஐந்து நோய்க்கு ஒரே ஊசி: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் கொண்டுவரும் ஹிப் கிருமி. இந்தியாவில் இதை முதலில் போட ஆரம்பித்தது தமிழ்நாடும் கேரளமும், 2011 டிசம்பரில். அதற்கு முன்னால் டி.பி.டி. என்று மூன்று நோய்க்குப் போட்டோம். அப்போதும் இதே காய்ச்சல்தான்.

ஐந்தில் குறும்புக்காரன் கக்குவான் இருமல் மருந்து. அரசு ஊசியில் இருப்பது, கொல்லப்பட்ட கக்குவான் கிருமி முழுசாக. செத்த கிருமிதான், நோய் தராது. ஆனால் அதன் மேல்தோலில் இருக்கும் சில பொருட்களைக் கண்டதும் உடம்பின் காவல்காரர்கள் உஷாராகி, ரத்தத்தில் சேதி அனுப்புவார்கள். அந்தச் சேதி மூளையின் அடியில் சூட்டை நிர்வகிக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்.

"ஃபிரிட்ஜுக்குள்ள ஒரு திருகு இருக்குமே, தம்பி. அத ரெண்டுலேருந்து நாலுக்கு வெச்சா என்ன ஆகும்?"

"இன்னும் ஜில்லுன்னு ஆகும்."

"ஃபிரிட்ஜ் கெட்டுப்போச்சுன்னு சொல்வீங்களா? திருகின அளவுக்கு அது வேலை செய்யுது. இங்க திருகு சூட்டுப் பக்கம். உடம்பு தானா திருகிக்குது."

தடுப்பூசிக் காய்ச்சல் அப்படித் திருகிக்கொண்ட சூடு. ஊசி போட்ட சில மணி நேரத்தில் தொடங்கும், பெரும்பாலும் ஒரு நாளில் உச்சம் போகும், இரண்டு நாளில் இறங்கிவிடும். பாராசிட்டமால் செய்வதும் அந்தத் திருகைக் கொஞ்சம் திருப்பி வைப்பதுதான். ஊசியின் வேலையை அது தொடுவதில்லை. அதாவது, காய்ச்சல் வந்த பிறகு கொடுத்தால். இந்த 'பிறகு'வுக்குப் பின்னர் வருகிறேன்.

ஆயா குறுக்கே வந்தாள். "காய்ச்சல் வந்தாத்தான் ஊசி புடிச்சிருக்குன்னு அர்த்தம், இல்லக்கா?"

இதுவும் ஊர் முழுக்க இருக்கிற நம்பிக்கை. காய்ச்சலே வராத குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "ஊசி வேலை செய்யலையோ?" என்று மறுநாள் வந்து நின்றவர்களும் உண்டு. இல்லை. ஒரே தெருவில் ஒரே நாளில் ஒரே குப்பியிலிருந்து போட்ட இரண்டு குழந்தைகளில் ஒன்று கொதிக்கும், ஒன்று தூங்கும். இரண்டுக்குமே பாதுகாப்பு உண்டு. எந்த ஊசிக்கு என்ன அடையாளம் என்பதும் வேறு வேறு. பிறந்தவுடன் இடது தோளில் போடும் பி.சி.ஜி.க்குக் காய்ச்சல் வராது. சில வாரம் கழித்து அந்த இடத்தில் ஒரு கொப்புளம் கிளம்பி, உடைந்து, ஆறித் தழும்பாகும். அதற்கு மருந்தும் பூச வேண்டாம், பிதுக்கவும் வேண்டாம். ஒன்பதாம் மாதம் போடும் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு அன்றைக்கு ஒன்றும் இருக்காது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரலாம். அந்தத் தாய்மார்கள் ஊசியை மறந்தே போயிருப்பார்கள்.

தழும்பு என்றதும் ஆயா ரவிக்கையை விலக்கித் தன் தோளைக் காட்டினாள். "எங்க ஊர்ல ஜீப்ல வந்து எல்லாருக்கும் குத்துனாங்களாம். எனக்கு நினைவில்ல. எங்கம்மா சொல்லும்." அவளுக்குப் பிறந்த ஊர் திருவள்ளூர் பக்கம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தழும்பு உலகப் புகழ்பெற்றது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் (திருவள்ளூர் அப்போது அதற்குள்தான்) இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பி.சி.ஜி. ஊசியைச் சோதிக்க இறங்கியது. சுமார் 3,60,000 மக்கள், இருநூற்றுச் சொச்சம் கிராமங்கள். சிலருக்கு ஒரு அளவில் ஊசி, சிலருக்கு இன்னொரு அளவில், சிலருக்கு மருந்தே இல்லாத ஊசி. யாருக்கு எது என்று குத்துகிறவருக்கும் தெரியாது, குத்திக்கொள்கிறவருக்கும் தெரியாது. 15 வருஷம் அந்த மக்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்பது முடிவு. செங்கல்பட்டுச் சோதனை என்று இன்றைக்கும் எல்லா நாட்டு மருத்துவப் புத்தகங்களிலும் அதைப் படிக்கிறார்கள். அப்படியானால் பிறந்த குழந்தைக்கு ஏன் இன்னும் போடுகிறோம்? குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோயையும் உடம்பெல்லாம் பரவும் காசநோயையும் அது தடுக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியிருப்பதால். "உனக்குத் தழும்பு இருக்கிறதால, வெறும் ஊசி போட்ட கூட்டத்துல நீ இல்ல" என்றேன். ஆயாவுக்கு அதில் ஒரு பெருமை. டவலை ஒரு பக்கம் மடித்து வைத்தாள்.

பேச்சு நீண்டதில் இருபது நிமிடம் தாண்டிவிட்டது. அக்குள் ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தெர்மாமீட்டரை வைத்து, கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். 100.8. நூறு புள்ளி நாலைத் தாண்டினால் காய்ச்சல் என்பது கணக்கு. ஆக, காய்ச்சல்தான். ஆனால் எண்ணைப் பார்க்கும் முன்னாலேயே நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன்: டீ கொதித்த நேரத்தில் அந்தக் குழந்தை அம்மா மடியில் சப்புக்கொட்டிக்கொண்டு பால் குடித்தது. குடித்துவிட்டு என் முகத்தை ஒரு நொடி உற்றுப் பார்த்தது. தொடையைத் தொட்டபோது வீரிட்டது, தூக்கியதும் அடங்கியது. எனக்கு 100.8ஐவிட இது பெரிய சேதி. 103 காய்ச்சலில் பால் குடிக்கிற குழந்தையைவிட, காய்ச்சலே இல்லாமல் துவண்டு கிடந்து பால் மறுக்கிற குழந்தையைக் கண்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

"அப்ப மருந்து தரலாமா?" என்று தம்பி ஒரு கவரை எடுத்தார். இங்கேதான் டீயைக் கீழே வைத்தேன்.

கவருக்குள் இரண்டு பாட்டில். ஒன்று சுகாதார நிலையத்தில் கொடுத்த சொட்டு மருந்து. இன்னொன்று, வழியில் மருந்துக்கடையில் வாங்கிய சிரப். இரண்டும் பாராசிட்டமால். "கார்டுல அரை எம்.எல்.னு எழுதியிருக்கு, கடைக்காரர் ரெண்டு எம்.எல். குடுன்னார். எது சரி?"

இரண்டுமே சரி. அதில்தான் ஆபத்து.

எடை ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக்கான கணக்கு. காலையில் தராசில் குழந்தை நாலரைக் கிலோ. அப்படியானால் 45க்கும் 67க்கும் நடுவே. சொட்டு மருந்துப் பாட்டிலில் எழுதியிருந்தது: ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். அரை மில்லி கொடுத்தால் 50. சிரப்பில் எழுதியிருந்தது: ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம். இரண்டு மில்லி கொடுத்தால் அதுவும் 50. ஆக அரை மில்லியும் இரண்டு மில்லியும் ஒன்றுதான், அவரவர் பாட்டிலோடு இருக்கும்வரை. பாட்டில் மாறினால்? சொட்டு மருந்தை எடுத்து, கடைக்காரர் சொன்ன இரண்டு மில்லியை ஊற்றினால் 200 மில்லிகிராம். நாலு மடங்கு. சொட்டு மருந்து பொடிக் குழந்தைக்கு உரியது, அதனால் மெலிதாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை, அதுதான் அடர்த்தி. குறைந்த அளவில் வாய்க்குள் போக வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். இது போதாதென்று ஐந்து மில்லியில் 250 இருக்கும் சிரப்பும் கடையில் கிடைக்கிறது; பெரிய பிள்ளைக்கு வாங்கியது ஃபிரிட்ஜ் மேல் பாதிப் பாட்டிலாக நிற்கும். அளவு மீறிய பாராசிட்டமால் கல்லீரலைப் பிடிக்கும். தடுப்பூசிக் காய்ச்சல் குழந்தையை ஒன்றும் செய்யாமல் போய்விடும். அதற்குக் கொடுத்த மருந்து தப்பினால் அப்படிப் போகாது.

தம்பியிடம் சிரப்பை வாங்கி என் அலமாரியில் வைத்துக்கொண்டேன். "ஒரு வீட்டுல ஒரு பாட்டில். அந்தப் பாட்டிலோட வந்த ஃபில்லர். அந்தக் கார்டுல எழுதின அளவு. டீஸ்பூன் வேண்டாம், மூடி வேண்டாம்." ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நாலு முறைக்கு மேல் கூடாது. கொடுத்த நேரத்தைக் காலண்டரில் எழுத வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா ஒரு முறையும் ஆயா ஒரு முறையும் கொடுப்பது நடக்கிற கதைதான். குழந்தை நன்றாகப் பால் குடித்துத் தூங்கினால் கொடுக்காமலேயே விடலாம். தூங்குகிற பிள்ளையை மருந்துக்கென்று எழுப்ப வேண்டாம்.

மற்ற காய்ச்சல் மருந்துகளைப் பற்றி ஒரே வரி போதும்: இந்த வயதுக்கு வேண்டாம். ஐப்யூப்ரோஃபென், மெஃபனாமிக் என்று வீட்டில் இருப்பதையெல்லாம் தொடக் கூடாது. ஆஸ்பிரின் கூடவே கூடாது. நிமெசுலைடை 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தரக் கூடாதென்று 2011இல் இந்திய அரசே தடை போட்டது.

அந்தப் 'பிறகு'வுக்கு வருகிறேன். "அப்ப அடுத்த தடவ ஊசிக்கு முன்னாடியே ஒரு டோஸ் குடுத்துட்டா காய்ச்சலே வராதுல்ல?" என்று பெண் கேட்டாள். கெட்டிக்காரி. இதே யோசனை உலகத்துக்கும் வந்திருக்கிறது. செக் நாட்டில் 459 குழந்தைகளை வைத்துப் பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசியோடு கையோடு பாராசிட்டமால் கொடுத்த குழந்தைகளுக்குக் காய்ச்சல் குறைந்தது. கூடவே சில ஊசிகளுக்கு உடம்பில் உருவாகும் எதிர்ப்பும் கொஞ்சம் குறைந்தது. அதனால் முன்கூட்டியே கொடுக்கும் பழக்கம் வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை. இங்கிலாந்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. மூளைக்காய்ச்சலுக்கு அவர்கள் போடும் ஒரு ஊசிக்குக் காய்ச்சல் அதிகம் என்பதால் அதோடு பாராசிட்டமால் கொடுக்கச் சொல்கிறார்கள். நம் அட்டவணையில் அந்த ஊசி இல்லை.

தம்பி விடவில்லை. "பிரைவேட்ல வலியில்லாத ஊசின்னு ஒண்ணு போடுறாங்களாமே?"

பெயரில் கொஞ்சம் வியாபாரம் இருக்கிறது. ஊசி குத்தினால் வலிக்கத்தான் செய்யும். அதில் கக்குவான் கிருமி முழுசாக இல்லை. வேண்டிய சில துண்டுகளை மட்டும் பிரித்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதனால் காய்ச்சலும் வீக்கமும் குறைவு. விலை கூட. பாதுகாப்பு கொஞ்சம் சீக்கிரம் தேய்கிறது. இது எங்கே பிறந்தது என்பது ஒரு கதை. 1975 வாக்கில் ஜப்பானில் ஊசி போட்ட பிறகு இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள் என்று பயம் கிளம்பி, கக்குவான் ஊசியை நிறுத்தினார்கள், பிறகு வயதைத் தள்ளிவைத்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் நாடு முழுக்க நானூறு பேருக்குக்கூட வராத கக்குவான், 1979இல் 13,000 பேருக்கு வந்து 41 பேரைக் கொன்றது. இந்தத் துண்டு ஊசியை அங்கேதான் உருவாக்கி, 1981இலிருந்து போட ஆரம்பித்தார்கள். கக்குவான் பெரியவர்களுக்கு நூறு நாள் இருமல். நாலு மாதக் குழந்தைக்கு அது மூச்சு நின்றுபோகிற நோய். கையில் காசிருந்து டாக்டரும் சொன்னால் துண்டு ஊசி போடுங்கள். இல்லையென்றால் மனசு குறுகுறுக்க வேண்டியதில்லை. அரசு ஊசியும் காக்கும். நான் என் பேரனுக்கு அரசு ஊசிதான் போட்டேன். ராத்திரி முழுக்க அழுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பயத்தை நான் லேசாகப் பேச மாட்டேன். 2008 ஏப்ரல் 23ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நாலு குழந்தைகள் இறந்தார்கள். நான் அப்போது பணியில் இருந்தேன். அடுத்த வாரம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் கதவு சாத்தும் சத்தம். அதன் பிறகு தெருத்தெருவாகப் போய் ஊசி போடுவதை அரசு நிறுத்தி, டாக்டர் இருக்கும் சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னது. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்களே, அதைச் சடங்கு என்று நினைத்து பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. ஊசிக்குப் பிறகு அபூர்வமாக வரும் கடும் ஒவ்வாமை அந்த அரை மணிக்குள்தான் பெரும்பாலும் காட்டும். அதற்கான மருந்து அங்கே, நர்ஸின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பஸ்ஸில் இல்லை.

ஆயாவுக்குத் தன் வைத்தியங்களைப் பற்றிக் கேட்க வேண்டும். ஆனால் நேராகக் கேட்கவில்லை. "உரமருந்து கொஞ்சம் நாக்குல தடவுனேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் கல்லில் உரைத்துத் தாய்ப்பாலில் குழைப்பது. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். அந்தப் பெயர் மேல் எனக்கு மரியாதை உண்டு. கையில் வளையலாகக் கட்டுங்கள், நான் தடுக்க மாட்டேன். வாய்க்குள் வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாத வயிறு அது. கல்லில் என்னென்ன ஒட்டியிருக்கிறதோ. சாம்பிராணிப் புகை அந்தச் சின்ன மூச்சுக்குழாய்க்கு ஆகாது. ஊசி போட்ட தொடையில் எண்ணெய் போட்டு உருவுவது, சுடுதண்ணீர் ஒத்தடம், மஞ்சள் பற்று, மூன்றும் வேண்டாம். வீங்கியிருந்தால் சுத்தமான துணியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து லேசாக வைத்தால் போதும். பட்டாணி அளவில் ஒரு கட்டி சில வாரம் கையில் தட்டுப்படும், தானே கரையும். உடம்பைத் துடைப்பதானால் வெதுவெதுப்பான தண்ணீர். ஐஸ் தண்ணீர் வைத்தால் குழந்தை நடுங்கும். நடுங்கினால் உள்ளே சூடு இன்னும் ஏறும். ஆயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எத்தனையைக் கடைப்பிடிப்பாள் என்பது வேறு. சாக்ஸை மட்டும் கையில் இறுகப் பிடித்திருந்தாள்.

எப்போது ஓட வேண்டும் என்பதைப் பெண்ணிடம் தனியாகச் சொன்னேன். ராத்திரி விழித்திருக்கப் போகிறவள் அவள்தானே. பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் கண் திறக்காமல் துணிபோலத் துவண்டால், வெளிறியோ நீலம் பாரித்தோ போனால், வெட்டி வெட்டி இழுத்தால், மூன்று மணி நேரத்துக்கு மேல் என்ன செய்தும் அடங்காமல் அழுதால், உச்சிக்குழி புடைத்தால், காய்ச்சல் 102ஐத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108க்கு அடி, செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. மூச்சை எண்ணவும் சொல்லிக்கொடுத்தேன். குழந்தை தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60ஐத் தொட்டால் வேகமான மூச்சு.

இன்னொன்றையும் அழுத்திச் சொன்னேன். வீட்டில் வைத்துப் பார்க்கும் இந்தச் சலுகை, ஊசி போட்ட இரண்டு நாளைக்கு மட்டும்தான். மூன்றாம் நாளும் சுட்டால் அது ஊசிக் காய்ச்சல் இல்லை. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஊசி எதுவும் போடாமல் காய்ச்சல் வந்தால், 100.4 என்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்; அந்த வயதில் ரத்தத்தில் கிருமி கலந்திருந்தாலும் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளமாக இருக்கும். ஊசி போட்ட வாரத்தில் வரும் எல்லாவற்றையும் ஊசியின் தலையில் கட்டினால் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோவோம்.

டீ இரண்டாம் சுற்று வந்தது. தம்பிக்குக் கோபம் போய்ப் பேச்சு வந்துவிட்டது. இந்த ஊசி மருந்தெல்லாம் எங்கே செய்கிறார்கள் என்று கேட்டார். பல ஊர்களில் என்று சொல்லிவிட்டு, செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் 100 ஏக்கரில் தடுப்பூசி செய்யவென்றே மத்திய அரசு நிறுவனம் கட்டிய வளாகத்தைச் சொன்னேன். பல நூறு கோடி ரூபாய். கொரோனாவில் ஊசிக்கு நாடே அல்லாடிய 2021 மே மாதம், ஓடாமல் கிடந்த அந்த வளாகத்தை முதல்வர் நேரில் போய்ப் பார்த்தார். மாநிலத்திடம் தாருங்கள் என்று கேட்டார். தம்பி தன் குப்பத்துப் பையன் ஒருவன் அங்கே வேலை கிடைக்கும் என்று நம்பிப் படித்த கதையைச் சொன்னார். அது வேறு காய்ச்சல். அதற்கு என்னிடம் அளவு இல்லை.

கிளம்பும்போது பெண் கேட்டாள், "இவ்ளோ சூடு வந்திருக்கே, அடுத்த ஊசி போடலாமா?"

போடலாம். போட வேண்டும். ஒரே தவணையில் பாதுகாப்பு முழுசாக வராது; 45, 75, 105 என்று மூன்று. முதல் தவணைக்குக் காய்ச்சல் வந்தது என்பது இரண்டாவதை நிறுத்தக் காரணம் ஆகாது. வலிப்பு வந்தாலோ, துவண்டு விழுந்தாலோ, ஒவ்வாமையில் முகம் வீங்கி மூச்சுத் திணறினாலோ, அதைக் கார்டில் எழுதி, அடுத்த ஊசிக்கு முன் நர்ஸிடமும் டாக்டரிடமும் கட்டாயம் சொல்ல வேண்டும். முடிவை அவர்கள் எடுப்பார்கள். சளி, லேசான இருமல் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். நாள் தவறிப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன் வந்தது, ஆயாவிடமிருந்து. ராத்திரி ஒரு மணிக்கு அரை எம்.எல். ஒரே ஒரு தடவைதான் கொடுத்தார்களாம். காலையில் 99. குழந்தை இரண்டு முறை ஒன்றுக்குப் போய், பால் குடித்துவிட்டு, அப்பா மடியில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறதாம். குல்லா போடவில்லை என்றாள். நான் கேட்கவே இல்லை.

"ஏன்க்கா, அடுத்தது எந்தக் கிழமை வருது? இவரு கடலுக்குப் போற நாளாப் பார்த்துச் சொல்லணும்."

"நேத்துலேருந்து 28 நாள் எண்ணு."

போனுக்கு அந்தப் பக்கம் காலண்டர் தாள் புரளும் சத்தம். ஆயா வாய்விட்டு எண்ணினாள். "அதுவும் புதன்தான்" என்றாள்.